கொட்டேஷன்காரர் பதினான்கு இடத்தில் கேட்ட கடன்

பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு என்று ஓர் அறை இருந்தது. அந்த அறையில், கம்பி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருபத்தெட்டு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரை வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரை எல்லோரும் கொட்டேஷன்காரர் என்றுதான் சொன்னார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்திருந்தது. பேரிங் வாங்கினாலும் சரி, கக்கூஸ் கழுவும் பிரஷ் வாங்கினாலும் சரி, மூன்று கடைகளிலிருந்து எழுத்தில் விலை வந்து சேராமல் அவர் பேனா மூடியைத் திறக்க மாட்டார். மூன்றையும் கோடு போட்ட தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, குறைந்ததைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அடியில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துக்கு ஒரு வால் உண்டு. வாலை இழுத்து முடிக்கும்போது அவர் முகத்தில் வருகிற திருப்தியைப் பார்த்தால், பம்பையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று தோன்றும்.

தொழிற்சாலைக்கு இது விதி. வீட்டுக்கு இது வியாதி. அவரைக் கட்டிக்கொண்ட தையல்காரிக்கு அது முதல் வருஷமே தெரிந்துவிட்டது. கோடைக்கு மின்விசிறி வாங்கப் புறப்பட்டவர், மூன்றாவது கடைக்காரன் விலை எழுதித் தரத் தாமதித்ததால், மழைக்காலத்தில் விசிறியோடு வந்து இறங்கினார். கடைவாய்ப்பல் வலித்தபோது மூன்று பல் டாக்டர்களிடம் விலை கேட்டார். மூன்றாமவரைப் பார்ப்பதற்குள் கன்னம் பன் மாதிரி வீங்கி, எல்லாரையும்விட அதிகம் கேட்ட டாக்டரிடமே, அதுவும் ஞாயிற்றுக்கிழமைக் கட்டணத்தில், போய் உட்கார வேண்டியிருந்தது. அதை அவர் தோல்வி என்று ஒப்புக்கொள்ளவில்லை. அவசரக் கொள்முதல் என்றார். அவளைக் கேட்டு வருவதற்கு முன்னால் வேறு இரண்டு வீடுகளில் பெண் கேட்டிருந்தார் என்று நாத்தனார் ஒரு நாள் வாய்தவறிச் சொன்னாள். அப்படியானால் நான் மலிவு என்றுதான் கட்டினீர்களா என்று கேட்டதற்கு, மலிவு மட்டும் இல்லை, சரக்கும் தரமாக இருந்தது என்று பதில் வந்தது. பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். அவரோடு உள்ள கஷ்டமே அதுதான்.

அவள் தம்பியைக் கண்டால் அவருக்கு ஆகாது. தம்பி ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்கிறவன். அவன் வீட்டில் கட்டிலிலிருந்து கைப்பேசி வரை எல்லாம் மாதத் தவணையில் வந்தவை. பர்ஸில் மூன்று கிரெடிட் கார்டு. அதனால் அவர் அவனுக்குத் தவணை என்று பெயர் வைத்திருந்தார். அவன் வந்தால் உள்ளே பார்த்து, தவணை வந்திருக்கிறது, டீ போடு என்பார். ஒரு தடவை அவன் புதுச் செருப்போடு வந்தபோது, "இது எத்தனை தவணை மாப்ள?" என்று கேட்டார்.

"இது முழுப் பணம் மாமா. அதான் கடிக்குது," என்றான் அவன்.

தான் வாழ்க்கையில் ஒரே ஒரு கடன்தான் வாங்கியதாகவும், அதுவும் ஸ்கூட்டருக்கு, அதையும் எட்டு மாதம் முன்னதாகவே அடைத்துவிட்டதாகவும் கொட்டேஷன்காரர் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வார். கடன் வாங்குகிறவனைப் பார்த்தால் அவர் மூக்கு கொஞ்சம் மேலே ஏறும். அந்த மூக்கைப் பார்த்துப் பார்த்துத் தையல்காரிக்குப் பழகிப்போயிருந்தது.

அவளுடைய கடை நகரத்தின் பழைய பகுதியில், மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒன்பது அடிக்குப் பதினொன்று. மூன்று தையல் மெஷின், ஓர் ஓவர்லாக் மெஷின், துணி வெட்டும் மேஜை, அளவு பார்க்கத் திரை போட்ட ஒரு மூலை. கூட இரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். பள்ளிச் சீருடையும் ஆஸ்பத்திரி கவுனும் மொத்தமாக வரும். நடுவில் பேண்ட் கால் மடிப்பது, ஜிப் மாற்றுவது என்று சில்லறை வேலை. பதினாறு வருஷமாக ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி வாடகையைக் கவரில் போட்டு, மாடியில் இருந்த கட்டடக்காரர் கையில் கொடுத்து வந்தாள். ஒரு மாதம் தவறியதில்லை. பெரிய ஆபரேஷன் நடந்த மாதம்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கவர் போயிற்று.

அந்தக் கட்டடக்காரர் ஒரு நாள் படியிறங்கிக் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, மகளோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். கட்டடத்தைத் துண்டு துண்டாக விற்கப் போகிறாராம். அவளுடைய அறைக்குப் பக்கத்து மொபைல் கடைக்காரர் அன்றைக்கே பணம் தரத் தயார். நடுச்சுவரை இடித்துப் பெரிதாக்கிக்கொள்வார். ஆனாலும் இத்தனை வருஷ நாணயத்துக்கு அவளுக்கு நாற்பது நாள் தருவதாகச் சொன்னார். விலையில் கால் பங்கு அவளிடம் இருந்தது. மீதிக்குக் கடன் வேண்டும். நாற்பதாம் நாள் பணம் வராவிட்டால் அறை மொபைல் கடைக்கு. அவர் போன பிறகு, வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேரும் மெஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் அந்த வாடகைக்கு இன்னொரு அறை கிடையாது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

கொட்டேஷன்காரர் விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இதை என்கிட்ட விடு. இதுதான் என் வேலை," என்றார். அவள் விட்டாள். இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திய பிறகும் விட்டாளே என்று அவளே பின்னால் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் இருவரும் மார்க்கெட் தெரு வங்கிக்குப் போனார்கள். கடன் பிரிவு அதிகாரி முப்பது வயதுப் பெண். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ரகம். முதலில் தையல்காரியின் விவரங்களைக் கணினியில் போட்டாள். திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையேம்மா."

"ஒண்ணுமே இல்லைன்னா? கடன் பாக்கி இல்லைங்கறீங்களா?"

"கடனே வாங்கினதில்லை நீங்க. அதனால உங்களுக்கு கிரெடிட் மார்க் இல்ல. நல்ல மார்க்கும் இல்ல, கெட்ட மார்க்கும் இல்ல."

பதினாறு வருஷம் வாடகை கட்டியிருக்கிறேன் என்று தையல்காரி சொன்னாள். கையில் கொடுத்தது எங்கேயும் பதிவாகாது என்று அந்தப் பெண் வருத்தமாகவே சொன்னாள். கவர் கவராகப் போன வாடகை அத்தனையும் ஒரு கிழவருடைய மேஜை டிராயரோடு முடிந்துவிட்டது. ஒழுங்காக வாழ்ந்ததற்குச் சாட்சி வேண்டுமானால் முதலில் கடன்காரியாக வேண்டும் போலிருக்கிறது என்று தையல்காரி நினைத்துக்கொண்டாள். இப்படி ஒரு பரீட்சையை யார் வைத்தார்களோ, அவர்களுக்குத் துணி வெட்டக் கத்தரிக்கோல்கூடக் கொடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

கணவருக்கு மார்க் இருந்தது. ஸ்கூட்டர் கடன் புண்ணியத்தில் தொள்ளாயிரத்துக்கு எழுநூற்று நாற்பத்திரண்டு. சம்பளம் நிரந்தரம். அவர் பெயரிலேயே போடலாம், வட்டி பத்தரை, பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்றாள் அதிகாரி. தையல்காரி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தே விட்டாள். விண்ணப்பத்தில் ஏற்கனவே ஒரு கையெழுத்து, வாலோடு, போட்டிருந்த அவள் புருஷன் எழுந்து நின்று, யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

வெளியே வந்ததும் அவள் எதற்கு யோசனை என்று கேட்டாள். முதல் கடையில் சொன்ன விலைக்கு வாங்குகிறவனுக்கு என்ன பெயர் தெரியுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். சின்னச் சாமானுக்கு மூன்று. இந்த அளவு பெரிய கொள்முதலுக்கு எத்தனை வருகிறதோ அத்தனையும் வாங்க வேண்டும் என்பது தொழிற்சாலை விதியாம். வேண்டுமானால் கால் சதவீதமாவது குறைத்துக் காட்டுகிறேன் பார் என்றார். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டே கால் சதவீதம் பதினைந்து வருஷத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அவர் சொன்ன தொகை நிஜமாகவே பெரிதாக இருந்ததால் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு வாலிபம் வந்தது. அரை நாள் விடுப்பு, ஒரு மணி நேர அனுமதி என்று எடுத்துக்கொண்டு, நீலக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கியபடி வங்கி வங்கியாக ஏறி இறங்கினார். தினமும் கடை சாத்தும் நேரத்துக்கு வந்து, வெட்டும் மேஜையின் ஓரத்தில் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு விவரம் சொல்வார். ஆஸ்பத்திரி கவுனுக்கு நாடா வைத்துக்கொண்டே அவள் கேட்பாள். வட்டி என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறவர் இல்லை அவர். வாயால் சொல்கிற விலைக்கு அவர் அகராதியில் மதிப்பில்லை, எழுத்தில் வேண்டும். எழுத்தில் வேண்டுமானால் விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வோர் இடத்திலும் சொன்னார்கள். ஒவ்வோர் இடத்திலும் விண்ணப்பம் கொடுத்தார். விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில், கடுகு கடுகாக அச்சடித்த இடத்தில், என் கடன் விவரங்களைப் பார்க்கச் சம்மதிக்கிறேன் என்று இருந்தது. அதற்கடியில்தான் அந்த வால் போய் விழுந்தது.

மார்க்கெட் தெருவோடு சேர்த்து நேரில் ஆறு வங்கி. தொழிற்சாலைக் கணினியில் ஓர் இணையதளம் கிடைத்தது; ஒரே படிவம், அடமானம் கேட்காத ஐந்து நிறுவனங்களுக்குப் போகும், கட்டணம் கிடையாது. இதைவிட வசதி உண்டா என்று அன்றைக்கு அவர் இரண்டு டீ குடித்தார். பிறகு இரண்டு ஃபைனான்ஸ் கம்பெனி. அதில் ஒன்றில், எங்கள் கிரெடிட் கார்டையும் சேர்த்து எடுத்தால் வட்டியில் கொஞ்சம் பார்த்துச் செய்யலாம் என்று டை கட்டிய ஒருவன் சொன்னானாம். தவணையை வருஷக்கணக்கில் நக்கலடித்த மனிதர் கிரெடிட் கார்டுக்கும் ஒரு கையெழுத்துப் போட்டார். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கிற்று.

பதில்களும் வந்தன. நான்காவது இடத்துக்குப் பிறகு வந்தவை எல்லாம் ஒரே மாதிரி இருந்தன: தங்கள் விண்ணப்பத்தை இப்போது ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம். தையல்காரி அதில் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு, இல்லை என்கிறார்களே என்றாள். கொட்டேஷன்காரர் சிரித்தார். அதற்கு ரிக்ரெட் லெட்டர் என்று பெயராம். கொள்முதலில் அது இருந்தால்தான் கோப்புக்கே அழகாம். நாலு பேர் தர முடியாது என்று எழுதிக் கொடுத்திருந்தால், நியாயமாகத்தான் எல்லாரையும் கேட்டிருக்கிறான் என்று ஆடிட்டர் சந்தோஷப்படுவாராம். துளை போடும் மெஷினால் ஒவ்வொன்றையும் துளைத்து, நாடாவில் கோத்து, மேலே எண் போட்டு வைத்தார். போல்ட்டு விற்கிறவன் முடியாது என்றால் நஷ்டம் போல்ட்டுக்காரனுக்கு. இங்கே சரக்கே தான்தான், தன்னைத்தான் ஒவ்வொருவனும் வேண்டாம் என்று தள்ளுகிறான் என்பது இருபத்தெட்டு வருஷ அனுபவத்துக்கு எட்டவில்லை.

அந்த வாரம் மொபைல் கடைக்காரர் டேப்போடு வந்து, மன்னிக்க வேண்டும் அக்கா, சும்மா ஓர் அளவுக்கு என்று சொல்லி, அவள் மெஷின்களுக்குப் பின்னால் புகுந்து சுவரை அளந்துகொண்டு போனார். அளவெடுப்பது அவள் தொழில். தன் கடைக்குள் வந்து இன்னொருவன் அளவெடுத்ததை அவளால் தாங்க முடியவில்லை. இன்றைக்கு எத்தனாவது நாள் தெரியுமா என்று அன்று மாலை புருஷனைக் கேட்டாள். ஒப்பீட்டுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கிறது என்றார் அவர்.

இருபத்தெட்டாம் நாள் பட்டியல் தயாராயிற்று. நீளத்தாளில் பதினான்கு கட்டம். அதில் பத்தில் ரிக்ரெட், இரண்டில் பதில் இல்லை, ஒன்றில் பதினாறு சதவீதம். சிவப்பு வட்டம் முதல் கட்டத்தைச் சுற்றியிருந்தது: மார்க்கெட் தெரு வங்கி, பத்தரை.

"இதைத்தானே அன்னைக்கே சொன்னா அந்தப் பொண்ணு," என்றாள் தையல்காரி.

"அப்போ அது வெறும் விலை. இப்போ அது மிகக் குறைஞ்ச விலை," என்றார் அவர்.

மறுபடி அதே நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள். கொட்டேஷன்காரர் பட்டியலை மேஜையில் விரித்து, உங்களுக்கே தருவதாக முடிவு செய்திருக்கிறேன் என்று ஆர்டர் கொடுக்கிறவர் தோரணையில் சொன்னார். அதிகாரி அதைப் பார்க்கவில்லை. கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"சார், உங்க மார்க் அறுநூத்தி அறுபத்தெட்டுக்கு வந்திருக்கு. எழுநூறுக்குக் கீழ நான் அனுப்பவே முடியாது."

யாரோ தன் பெயரில் கடன் வாங்கிவிட்டான் என்று அவர் பதறினார். யாரும் வாங்கவில்லை என்றாள் அவள். நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள், பத்தொன்பது நாளில் பதினான்கு இடத்தில்.

"உங்க ரிப்போர்ட்டை நீங்களே பார்த்தா ஒண்ணும் ஆகாது சார், தினம் பார்த்தாலும் ஆகாது. ஆனா கடன் வேணும்னு விண்ணப்பம் போட்டா, அந்த வங்கி அதைக் கேட்டு வாங்குது. யார் கேட்டாங்க, எந்தத் தேதின்னு அதுலயே ஏறிடும். அடுத்தவன் பார்க்கும்போது அது தெரியும்."

"தெரியட்டுமே. நான் விலை விசாரிச்சேன்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இடம் வாங்கன்னு சில கடன், அடமானமில்லாத கைக்கடன் நாலஞ்சு, போதாததுக்கு ஒரு கார்டு வேற. எங்கேயும் பணம் வாங்கல. அப்போ என்ன அர்த்தம்? இந்த ஆளுக்கு அவசரமா பணம் வேணும், யாரும் கொடுக்கல. அப்படித்தான் எடுத்துக்கும்."

விலை கேட்பது குற்றமா என்று அவர் கேட்டார். அதிகாரிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், பென்சிலை உருட்டிக்கொண்டே, "கேட்டது தப்பில்ல சார். கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கேட்டீங்க பாருங்க, அதான்," என்றாள். வாயால் கேட்டிருந்தால் யாரும் அவர் கணக்கைத் தொட்டிருக்கவே மாட்டார்களாம். ஆறு மாதம் எங்கும் எதுவும் கேட்காமல் இருந்தால் தானாக ஏறுமாம்.

ஆறு மாதம். தையல்காரிக்கு இருந்தது பன்னிரண்டு நாள்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. வேறு யாராவது சேர்ந்து கையெழுத்துப் போட்டால் தன் பெயரிலேயே கிடைக்குமா என்று மட்டும் கேட்டாள். தவணை எல்லாம் ஒழுங்காகக் கட்டிய ஆள் யாராவது இருந்தால் கிடைக்கும் என்றாள் அதிகாரி. கூடப்பிறந்தவர் என்றால் இன்னும் நல்லது.

பேருந்தில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, படிக்காதவன் எல்லாம் கணினியில் உட்கார்ந்தால் இப்படித்தான் என்றார். நேர்மையாக நாலு இடம் விசாரித்தவனுக்குத் தண்டனை, கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவனுக்கு மரியாதையா என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அந்தப் பாதி அவளுக்கு எரிச்சலைத்தான் கூட்டியது. பதினாறு வருஷ வாடகையைக் குருட்டுத்தனமாகத் தாண்டிப்போகிற ஒரு மெஷின், அதோடு போட்டிபோட்டு முட்டாள்தனம் செய்கிற ஒரு புருஷன். இரண்டுக்கும் நடுவில் தன்னுடைய ஒன்பதுக்குப் பதினொன்று மாட்டிக்கொண்டிருக்கிறது. நிறுத்தம் வந்ததும் அவரை எழுப்பாமலே இறங்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். அவர் தூங்கவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அன்று மாலையே தையல்காரி தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் மார்க் எண்ணூற்றுப் பத்து. அவன் கைப்பேசியிலேயே எடுத்துக் காட்டினான். பன்னிரண்டு வருஷம், இருபதுக்கு மேல் தவணைக் கடன், ஒன்றுகூட ஒரு நாள் தப்பவில்லை. கார்டிலும் அனுமதித்த அளவில் கால்வாசிக்கு மேல் எடுப்பதில்லையாம். யாரடா உனக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். கடன் வாங்குகிறவன்தானே அக்கா இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றான். அவன் மனைவி டம்ளரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். வேலைச் சாமான் ஏற்ற ஒரு சின்ன வேன் வாங்குவதாக இருந்தார்கள். இதில் கையெழுத்துப் போட்டால், இதன் தவணையும் இவன் தலையில் சேர்ந்து தெரியும்; வேன் இரண்டு வருஷம் தள்ளிப்போகும். அவன் மனைவி அதை மறைக்காமல் சொன்னாள். சொன்னதோடு சரி, வேண்டாம் என்று சொல்லவில்லை.

தம்பி கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு, "போடறேன் அக்கா. ஆனா மாமா வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும்," என்றான்.

அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். கொட்டேஷன்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் மென்றார். பிறகு, தம்பி ஒருவனைத்தான் கேட்க வேண்டும் என்று என்ன இருக்கிறது, தன் அண்ணன் மகன் இருக்கிறான், மேல் வீட்டு ஆசிரியர் இருக்கிறார், இன்னும் இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்றார்.

தையல்காரி குழம்புக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு எழுந்து கை கழுவினாள். துண்டில் விரல் விரலாகத் துடைத்தாள்.

"இந்தாங்க. அந்த நீலக் கோப்பை எடுத்துட்டுப் போய் ஆபீஸ்ல வெச்சுக்குங்க. இனிமே என் கடையைப் பத்தி நீங்க யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. மணி என்னன்னுகூடக் கேட்கக் கூடாது."

மறுநாள் காலை தம்பி வேலைக்குப் புறப்படுமுன் அவன் வாசலில் போய் நின்றாள். "மாமா கேட்க மாட்டார்டா. அவரை மாத்தறதுக்கு எனக்குப் பதினோரு நாள் பத்தாது, இருபத்தாறு வருஷமே பத்தல. உங்க ரெண்டு பேர் ரோஷத்துக்கும் நடுவுல என் கடை போகுது. நீ போடறதுன்னா போடு, இல்லைன்னா இப்பவே சொல்லு, மெஷினை எல்லாம் எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு நான் பார்க்கணும்."

அவன் டூல் பையைத் தோளில் மாட்டியபடி அக்காவைப் பார்த்தான். மாமா கேட்கவில்லை என்றால் வேன் போனதற்கு யார் முகத்தைப் பார்த்துத் திருப்திப்படுவது என்று முணுமுணுத்தான். பிறகு, எந்த வங்கி, எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

வங்கிக்கு மூன்று பேரும் போனார்கள். கொட்டேஷன்காரரை யாரும் கூப்பிடவில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அவராகவே வந்தார். சுவர் ஓரமாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காவும் தம்பியும் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டார்கள். தம்பி கையெழுத்தில் வால் கிடையாது, படித்துப் பார்த்தால் பெயர் தெரியும். வட்டி பதினொன்றேகால் என்றாள் அதிகாரி. இரண்டு பேருக்கும் மாதச் சம்பளம் இல்லாததால் முக்கால் சதவீதம் கூட. பத்தரைக்குக் கிடைத்திருக்குமே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததை மூன்று பேரும் கேட்டார்கள்.

கடைசிப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் பெயர் வேண்டும் என்றாள் அதிகாரி. ஒரே வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை, போனில் கிடைத்தால் போதும். தம்பி திரும்பி, "மாமா, நம்பர் சொல்லுங்க," என்றான். தையல்காரி எழுதினாள். பெயர். உறவு: கணவர். எத்தனை வருஷமாகத் தெரியும்: இருபத்தாறு.

கொட்டேஷன்காரர் எழுந்து மேஜை அருகே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "இதுக்கு என் மார்க்கைப் பார்ப்பீங்களா?"

"இல்ல சார். இதுக்கெல்லாம் பார்க்க மாட்டோம்," என்றாள் அந்தப் பெண், ஆறுதலாகத்தான்.

முப்பத்தெட்டாம் நாள் பணம் போயிற்று. மொபைல் கடைக்காரர் டேப்பை மடக்கிக்கொண்டு தன் கடையின் மறுபக்கச் சுவரைப் பார்க்கப் போனார். சேர்ந்து கடன் வாங்கியதால் பத்திரத்தில் தையல்காரி பெயரும் தம்பி பெயரும் இருந்தன. தம்பி தன் பாதியை எழுதித் தருகிறேன் என்றான்; கடன் தீரட்டும் பார்க்கலாம் என்றாள்.

முதல் தவணை கட்டிய அன்று அவள் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டாள். அந்த முக்கால் சதவீதம் மாதத்துக்குப் பதினொரு பேண்ட் கால் மடிக்கிற கூலி. பதினைந்து வருஷத்துக்கு மாதம் பதினொன்று. அதைத் தாளில் எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடித்துவிடும். சனிக்கிழமை மத்தியானம் தொழிற்சாலை விட்டு வந்தவரைக் கடைக்குக் கூப்பிட்டு, ஸ்டூலில் உட்காரவைத்து, மடியில் ஒரு பேண்ட்டையும் கையில் ஊசியையும் கொடுத்தாள். எதற்கு என்று அவர் கேட்டார். காரணத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஊசித் துளையில் நூலை விடத் தொடங்கினார். ஐந்து தடவை தப்பிற்று. வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெஷினை வேகமாக ஓட்டினார்கள்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறார். மாதம் பதினொன்று ஆகும்வரை வருவார். சில மாதம் நாலாவது சனிக்கிழமை இருட்டும்வரை இருப்பார். துணி கொடுக்க வந்த ஒரு வாத்தியாரம்மா, புதுசாக ஆள் போட்டிருக்கிறீர்களா, தையல் தெரிந்தவரா என்று விசாரித்தாள்.

"இல்லம்மா, கத்துக்கறாரு," என்றாள் தையல்காரி. அவர் மடித்துக் கொடுத்த பேண்ட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு கால் மற்றதைவிட அரை விரல்கட்டை இறங்கியிருந்தது. தையல் பிரிக்கும் ஊசியை எடுத்து மேஜையில் அவர் பக்கமாகத் தள்ளினாள்.

அவர் பிரிக்க ஆரம்பித்தார்.